ஓ.எம்.ஆரில் நீச்சல் குளத்தோடு வாடகை வீடு: அட்வான்ஸ் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

மதுரை, திருநெல்வேலி, கோவைப் பக்கமிருந்து சென்னை ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) வேலை கிடைத்து வருகிறவர்கள் பலருக்கும், குளம் இருக்கிற ஒரு கேட்டட் கம்யூனிட்டியில் (சுற்றுச்சுவரும் காவலும் உள்ள குடியிருப்பு) குடியேறவேண்டும் என்ற ஆசை இருக்கிறது. வீட்டில் குழந்தை இருந்தால் ஆசை இன்னும் கூடும். அப்படி வீடு தேடி அலைந்து, குடியேறி, காலி செய்து, மறுபடியும் குடியேறியதில் தெரிந்துகொண்டவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். வீடு ஓனருடையது, குளம் அசோசியேஷனுடையது, அதாவது குடியிருப்புச் சங்கத்துடையது. ஓனர் "குளம் இருக்கு, ஜிம் இருக்கு, எல்லாம் யூஸ் பண்ணிக்கலாம்" என்று சொல்வது அவர் கையில் இல்லாத ஒன்றுக்குக் கொடுக்கிற வாக்கு. அதனால் ஓனரிடம் ஒரு பேச்சு, அசோசியேஷன் அலுவலகத்தில் ஒரு பேச்சு என்று இரண்டு இடத்தில் விசாரித்தால்தான் வேலை முடியும். இந்த இரண்டாவது விசாரிப்பை விட்டுவிடுவதால்தான் முக்கால்வாசிச் சிக்கல்கள் வருகின்றன.

1. ஏரியாவை முடிவு செய்யுங்கள்

அலுவலகம் பெருங்குடியிலா, சிறுசேரி சிப்காட்டிலா என்பதைப் பொறுத்து எல்லாமே மாறும். வரைபடத்தில் பத்து கிலோமீட்டர் என்று காட்டும் தூரத்தைக் காலை ஒன்பது மணிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். மாதவரம்–சிறுசேரி சிப்காட் மெட்ரோ பாதை ஓ.எம்.ஆர். வழியாகத்தான் போகிறது. மெட்ரோ கட்டுமான வேலை நடக்கும் பகுதிகளில் சாலை குறுகிக் கிடக்கும்.

செம்மஞ்சேரி வரை சென்னை மாநகராட்சி. அதைத் தாண்டி நாவலூர், தாழம்பூர், படூர், கேளம்பாக்கம் எல்லாம் செங்கல்பட்டு மாவட்ட ஊராட்சிகள். தெற்கே போகப் போக வாடகை குறையும், குளங்கள் பெரிதாகும். ஆனால் தண்ணீர், கழிவுநீர், குப்பை என எல்லாவற்றையும் பெரும்பாலும் குடியிருப்பே தன் செலவில் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

வெள்ளத்தைக் கேட்காமல் விடாதீர்கள். பெரும்பாக்கம், செம்மஞ்சேரி, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதிகள் 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீரில் நின்றன. "மிக்ஜாம் சமயத்துல கார் பார்க்கிங்ல தண்ணி எவ்வளவு வந்துச்சு?" என்று கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி அண்ணனிடம் கேளுங்கள். புரோக்கர் சொல்லும் பதிலைவிட அவர் கையைக் காட்டி அளந்து சொல்லும் பதில் நம்பகமானது. பேஸ்மென்ட் பார்க்கிங் என்றால் இரண்டு பேரிடமாவது விசாரியுங்கள்.

2. எப்போது தேடுவது, யார் மூலம் தேடுவது

குடிபுக வேண்டிய தேதிக்கு ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். மே, ஜூன் மாதங்களில் பள்ளி மாறுவதால் கூட்டம் அதிகம், பேரம் படியாது. ஆடியிலும் மார்கழியிலும் பலர் வீடு மாற மாட்டார்கள், காலி வீடுகள் அப்படியே நிற்கும். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு ஆட்சேபம் இல்லையென்றால் வாடகையைக் குறைத்துப் பேச அதுதான் நேரம். ஆட்சேபம் இருந்தால் ஆடியில் பேசி முடித்து, ஒப்பந்தம் போட்டு, ஆவணி முதல் வாரம் பால் காய்ச்சலாம். சில ஓனர்கள் இடைப்பட்ட நாட்களுக்கு வாடகை கேட்க மாட்டார்கள். கேட்டுப் பாருங்கள்.

புரோக்கர் கமிஷன் பொதுவாக ஒரு மாத வாடகை, சிலர் அரை மாதத்துக்கும் ஒத்துக்கொள்வார்கள். வீடு பார்க்கப் போகும் முன்பே இதைப் பேசி முடித்துவிடுங்கள். புரோக்கர் இல்லாமல் தேட நல்ல வழி, பிடித்த குடியிருப்பின் மேனேஜரை நேரில் போய்ப் பார்ப்பது. காலியாகப் போகும் வீடுகள் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

"நான் ராணுவத்தில் இருக்கிறேன், வேற ஊருக்கு மாத்திட்டாங்க, வீடு பார்க்க கேட் பாஸுக்குப் பணம் அனுப்புங்க, அப்புறம் திருப்பித் தருகிறேன்" என்று போனில் யாராவது சொன்னால் உடனே வைத்துவிடுங்கள். வீட்டுக்குள் கால் வைக்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும்போது, எந்தக் காரணத்தால் ஒப்பந்தம் நின்றால் அது திரும்ப வரும் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள்.

3. குளத்தை நேரில் பாருங்கள், இரண்டு முறை

விளம்பரப் படத்தில் இருக்கும் நீல நிறத்தை நம்ப வேண்டாம். பல குளங்களில் அந்த நீலம் தண்ணீருடையது இல்லை, டைல்ஸுடையது. காலையில் ஒருமுறை, சனி ஞாயிறு மாலையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். மாலையில் போனால் கூட்டம் எவ்வளவு, யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

குளக்கரையில் நின்று ஆழமான பக்கத்தின் தரையைப் பாருங்கள். அடியில் இருக்கும் வடிகால் மூடி தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அன்று அந்தக் குளத்தில் யாரும் இறங்கக் கூடாது. ஒரு குழந்தை அடியில் கிடந்தால்கூட மேலிருந்து தெரியாது என்பதே காரணம். மூடி உடையாமல், இறுக்கமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். உறிஞ்சும் வேகத்தில் முடியோ கையோ சிக்கும் ஆபத்து உண்டு.

மூக்கைத் துளைக்கும் குளோரின் வாடை அடித்தால் குளம் சுத்தமாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். வியர்வை, சிறுநீரோடு குளோரின் கலந்து உண்டாகும் சேர்மங்களின் வாடைதான் பெரும்பாலும் அது. பராமரிப்புப் பதிவேட்டைக் கேளுங்கள். தண்ணீரின் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) 7.2 முதல் 7.8 வரையிலும், குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரையிலும் இருப்பது நல்லது. ஒழுங்காக நடத்தும் குடியிருப்பில் இதை தினமும் எழுதி வைத்திருப்பார்கள். பதிவேடே இல்லை என்றால், குளத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறாரா என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

பாதுகாப்புக்கு இவற்றைப் பாருங்கள்: சுற்றிலும் வேலி, தானாக மூடிக்கொள்ளும் கதவு, ஓரத்தில் ஆழ எண்கள், மிதவை வளையம், நீண்ட கம்பு, குழந்தைகளுக்குத் தனிக் குளம், லைஃப் கார்டு வரும் நேரம். தண்ணீருக்கடியில் விளக்குகள் இருந்தால் அவை 12 வோல்ட் விளக்குகளா, எர்த் லீக்கேஜ் பிரேக்கர் (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) போட்டிருக்கிறார்களா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். இப்படியெல்லாம் கேட்டால் சிலர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு வாடகையைவிட இதுதான் முக்கியம்.

பிறகு அசோசியேஷன் அலுவலகத்துக்குப் போய் விதிகளை வாங்கிப் படியுங்கள். முக்கியமாகப் பார்க்க வேண்டியவை:

- வாடகைக்கு இருப்பவர்களுக்கு அனுமதி உண்டா, தனிக் கட்டணம் உண்டா. சில இடங்களில் ஓனருக்கு இலவசம், வாடகைதாரருக்கு மாதக் கட்டணம் என்று வைத்திருக்கிறார்கள். மெயின்டனன்ஸை (மாதப் பராமரிப்புக் கட்டணத்தை) வாடகைதாரரே கட்டும்போது இது நியாயமே இல்லை என்பது என் கருத்து. ஆனாலும் இருக்கிறது.
- பேச்சிலர்கள், விருந்தாளிகள் விஷயத்தில் என்ன விதி. ஊரிலிருந்து வரும் அக்கா பிள்ளைகள் இறங்கலாமா, ஒரு ஆளுக்கு எவ்வளவு.
- நேரம். பெண்களுக்கென்று தனி நேரம் உண்டா. வாரத்தில் எந்த நாள் சுத்தம் செய்ய மூடுகிறார்கள்.
- உடை. நைலான், லைக்ரா நீச்சல் உடையும் தொப்பியும் கட்டாயம் என்பார்கள். பருத்தி பனியன், டிராயரோடு இறங்க விட மாட்டார்கள்.
- கடந்த ஒரு வருடத்தில் குளம் எத்தனை மாதம் மூடிக் கிடந்தது, ஏன்.

கடைசிக் கேள்விக்கு அலுவலகத்தில் மழுப்பினால், லிஃப்டில் கூட வரும் குடியிருப்பாளர் ஒருவரிடம் கேளுங்கள். நான் இருந்த ஒரு குடியிருப்பில், குளம் கசிகிறது என்று மூடி, பழுதுக்கு யார் பணம் கொடுப்பது என்று பில்டருக்கும் அசோசியேஷனுக்கும் தகராறு நடந்துகொண்டே இருந்தது. நாங்கள் காலி செய்யும் வரை திறக்கவே இல்லை. குறிப்பாக, பில்டரிடமிருந்து அசோசியேஷன் கைக்கு இன்னும் மாறாத புதுக் குடியிருப்பு என்றால் கூடுதல் கவனம் தேவை.

4. தண்ணீர் எங்கிருந்து வருகிறது

குளம் நிரம்புவதும் உங்கள் குழாயில் வருவதும் ஒரே கணக்கில்தான். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றியபோது, ஓ.எம்.ஆர். நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது பலருக்கு நினைவிருக்கும். அப்படி ஒரு வருடம் வந்தால் முதலில் மூடப்படுவது நீச்சல் குளம்தான். அது சரியும்கூட.

எனவே நான்கு கேள்விகள். மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியம்) இணைப்பு உண்டா? போர்வெல் எத்தனை, கோடையில் எத்தனை ஓடுகிறது? டேங்கர் லாரி மார்ச்சிலிருந்து ஜூன் வரை ஒரு நாளைக்கு எத்தனை வருகிறது? அந்தச் செலவு மெயின்டனன்ஸுக்குள்ளா, வெளியிலா? வீட்டுக்கு வீடு தண்ணீர் மீட்டர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் இரண்டு பேர் இருக்கும் வீடும் ஆறு பேர் இருக்கும் வீடும் ஒரே தொகை கட்ட வேண்டி வரும். முந்தைய ஏப்ரல், மே மாத மெயின்டனன்ஸ் பில்லைக் காட்டச் சொல்லுங்கள். வருடம் முழுக்க எவ்வளவு போகும் என்பது அதில் தெரிந்துவிடும்.

குளியலறைக் குழாயையும் ஷவரையும் பாருங்கள். வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் தண்ணீர் கடினம். வாஷிங் மெஷின், கீசர், தலைமுடி மூன்றுக்கும் அது கேடு. குடிக்கக் கேன் தண்ணீரோ ஆர்.ஓ.வோ தனிச் செலவு.

5. ஓனரிடம் வாங்கிப் பார்க்க வேண்டிய ஆவணங்கள்

சொத்து வரி ரசீது, மின் கட்டண பில், கிரயப் பத்திரத்தின் முதல் சில பக்கங்கள், ஓனரின் ஆதார், பான். எல்லா ஆவணங்களிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இவற்றோடு அசோசியேஷனிடமிருந்து "பாக்கி இல்லை" என்ற கடிதமும் தேவை. ஓனர் மெயின்டனன்ஸ் பாக்கி வைத்திருந்தால் பல குடியிருப்புகளில் அந்த வீட்டுக்குக் குளம், கிளப் ஹவுஸ் அனுமதியை நிறுத்திவிடுவார்கள். பாக்கி அவருடையது, தண்டனை உங்களுக்கு.

ஓ.எம்.ஆரில் நிறைய ஓனர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அப்படியென்றால் உங்களிடம் கையெழுத்துப் போடுகிறவருக்குப் பவர் ஆஃப் அட்டர்னி இருக்கிறதா, அதில் வாடகைக்கு விடும் அதிகாரம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டுவாழ் ஓனருக்கு வாடகை கொடுக்கும்போது வரிப் பிடித்தம் செய்யும் பொறுப்பு வாடகைதாரர் தலையில் விழும், விகிதமும் அதிகம். ஒரு ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். உள்நாட்டு ஓனர் என்றால் மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் 2 சதவீதப் பிடித்தம்.

அலுவலகத்தில் எச்.ஆர்.ஏ. (வீட்டு வாடகைப்படிக்கான வரிச் சலுகை) காட்ட, வருட வாடகை 1 லட்சத்தைத் தாண்டினால் ஓனரின் பான் எண் வேண்டும். சிலர் தர மறுப்பார்கள். இதை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள், பிறகு கேட்டால் கிடைக்காது.

6. கையில் எவ்வளவு பணம் வேண்டும்

ஒரு உதாரணம் போடுகிறேன். 1,200 சதுர அடி, 2 பி.எச்.கே., வாடகை 28,000, மெயின்டனன்ஸ் சதுர அடிக்கு மூன்றரை ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

- அட்வான்ஸ் மூன்று மாதம்: 84,000
- முதல் மாத வாடகை: 28,000
- மெயின்டனன்ஸ்: 4,200
- புரோக்கர்: 28,000
- அசோசியேஷன் மூவ்-இன் கட்டணம்: 3,000 என்று கொள்வோம்

மொத்தம் 1,47,200. சாமான் ஏற்றி இறக்கும் கூலி, கேஸ் இணைப்பு, இன்டர்நெட், குளத்துக்கான அடையாள அட்டை எல்லாம் இதற்கு மேலே. மெயின்டனன்ஸ் வாடகைக்குள் அடக்கமா இல்லையா என்பதை வாய்ப்பேச்சில் விடாதீர்கள். மாதம் 7,500 ரூபாய்க்கு மேல் மெயின்டனன்ஸ் வரும் பெரிய குடியிருப்புகளில் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேரும் என்பதால், சொல்லும் தொகை வரியோடா வரி இல்லாமலா என்று கேளுங்கள். ஜெனரேட்டர் மின்சாரத்துக்குத் தனி மீட்டர் வைத்துத் தனிக் கட்டணம் வாங்கும் இடங்களும் உண்டு.

அட்வான்ஸ் பத்து மாதம் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. நீங்கள் அதிகத் தொகைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். எந்தப் பணத்தையும் வங்கி வழியாகவே கொடுங்கள்.

7. ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை

ஓனர் தரும் பதினோரு மாத ஒப்பந்தம் பெரும்பாலும் எங்கிருந்தோ நகலெடுத்த இரண்டு பக்கம். அதில் உங்கள் பக்கத்து வரிகளைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

குளம், ஜிம், கிளப் ஹவுஸ் ஆகியவற்றை வாடகைதாரரின் குடும்பம் பயன்படுத்தலாம் என்று எழுதுங்கள். ஓனரின் பாக்கியால் அந்த அனுமதி நின்றால் அதை அவர் குறிப்பிட்ட நாட்களுக்குள் தீர்க்க வேண்டும், தவறினால் வாடகையில் இவ்வளவு குறையும் என்றும் எழுதுங்கள். குளத்துக்காகவே கூடுதல் வாடகை கொடுக்கிறீர்கள் என்பதால் இதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

பெயின்டிங்தான் சென்னையின் பெரிய பொறி. காலி செய்யும்போது ஒரு மாத வாடகையை "பெயின்டிங் சார்ஜ்" என்று பிடித்துக்கொள்வார்கள். மேலே சொன்ன சட்டத்தின் அட்டவணைப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவதும் ஓனர் பொறுப்பு. குழாய் மாற்றுவது, வயரிங் போன்ற பெரிய வேலைகளும் அவருடையவையே. குழாய் வாஷர், அடைப்பு எடுப்பது, சுவிட்ச் மாதிரி சின்ன வேலைகள் உங்களுடையவை. ஆகவே "ஒரு மாத வாடகை பெயின்டிங்குக்குப் பிடிக்கப்படும்" என்ற வரி இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். எடுக்க மாட்டேன் என்றால், புது வர்ணம் அடித்த வீட்டையே எங்களுக்குத் தர வேண்டும் என்று பேசுங்கள்.

இன்னும் சில: வருட வாடகை உயர்வு எத்தனை சதவீதம், இரு தரப்புக்கும் நோட்டீஸ் காலம் எவ்வளவு, கார் பார்க்கிங் எண், கோடைக்கால டேங்கர் தண்ணீரின் கூடுதல் தொகை யாருடையது, அசோசியேஷன் திடீரென்று போடும் பெரிய வேலைக்கான நிதி யாருடையது. லிஃப்ட் மாற்றுவது, குளத்துக்கு மறுபடி டைல்ஸ் போடுவது போன்ற செலவுகள் ஓனருடையவை என்று ஒரு வரி போதும்.

8. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள்

இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். 22.2.2019 முதல் நடைமுறையில் உள்ள அந்த வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். கையெழுத்தான 90 நாட்களுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யவும் வேண்டும். தமிழக அரசின் வாடகை ஒப்பந்த இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஒப்பந்தத்தின் நகல், இரு தரப்பு ஆதார், பான், புகைப்படம் ஆகியவற்றை ஸ்கேன் செய்து தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பதிவானதும் ஒரு பதிவு எண் கிடைக்கும்.

"பதினோரு மாசம்தானே, பதிவு எதுக்கு?" என்று சொல்வார்கள். பதினோரு மாதக் கணக்கு சார்பதிவாளர் அலுவலகப் பதிவைத் தவிர்க்க வந்த பழக்கம். இந்தப் பதிவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அட்வான்ஸ் தகராறு வரும் நாளில் கையில் பதிவு எண் இருப்பது பெரிய பலம்.

9. குடிபுகும் வாரம்

அசோசியேஷன் படிவம், ஒப்பந்த நகல், குடும்பத்தினர் எல்லோருடைய ஆதார், புகைப்படம், வண்டிகளின் ஆர்.சி., காவல் நிலையத்துக்கான வாடகைதாரர் விவரப் படிவம், இவற்றை மூன்று நாள் முன்பே கொடுத்துவிடுங்கள். ஓனர் மைகேட் போன்ற செயலியில் உங்களைச் சேர்த்தால்தான் கேட் திறக்கும், குளத்துக்கான அட்டையும் கிடைக்கும். சாமான் இறக்கக் குறிப்பிட்ட நேரம்தான் சர்வீஸ் லிஃப்ட் தருவார்கள். ஞாயிறு அனுமதி இல்லாத இடங்கள் உண்டு, எனவே லாரிக்கு நாள் சொல்லும் முன் கேட்டுவிடுங்கள்.

சாமான் உள்ளே வரும் முன் காலி வீட்டை வீடியோ எடுங்கள். சுவர்க் கீறல், ஈரக்கசிவு, உடைந்த டைல், மின் மீட்டர் அளவு எல்லாம் அதில் வரட்டும். அன்றே ஓனருக்கு அனுப்புங்கள். மின் இணைப்பு எண்ணை வைத்துப் பழைய பாக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

குழந்தைக்கு முதல் நாளே குளம் வேண்டாம். முதலில் குளக்கரை விதிகளைச் சொல்லிக்கொடுங்கள், கதவைத் தாண்டிப் பெரியவர் இல்லாமல் போகக் கூடாது என்று பழக்குங்கள். லைஃப் கார்டு இருந்தாலும் கை எட்டும் தூரத்தில் நீங்கள் இருக்க வேண்டும், கையில் போன் இல்லாமல். கோடை விடுமுறையில் குடியிருப்பிலேயே பயிற்சி வகுப்பு நடத்துவார்கள். சேர்த்துவிடுங்கள்.

10. காலி செய்யும்போது

நோட்டீஸை மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுத்தாகக் கொடுங்கள். கடைசி இரண்டு மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாமா என்று அப்போதே கேளுங்கள். சம்மதித்தால் அட்வான்ஸ் திரும்பி வரும் கவலை பாதி குறையும். மூவ்-அவுட் அனுமதிக் கடிதத்துக்கு ஓனரின் ஒப்புதல் தேவைப்படும், ஒரு வாரம் முன்பே கேட்டு வையுங்கள். இல்லாவிட்டால் லாரியைக் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள்.

சாவியைக் கொடுக்கும் அன்று மறுபடி வீடியோ எடுங்கள், குளம், கிளப் ஹவுஸ் அட்டைகளைத் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதி அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். பிடித்தம் ஒவ்வொன்றுக்கும் பில் கேளுங்கள். பில் வராமல் தொகை மட்டும் குறைந்தால், பதிவு எண்ணோடு வாடகை அதிகாரி அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதி, அதன் நகலை ஓனருக்கும் அனுப்பிவையுங்கள்.